நினைவுச்சின்னம் நகரக் கூடாது

நிவால்தோவின் பிளைமவுத் கார் அன்றைக்கு ஓடும் நிலையில் இருந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. மரபு வாகனக் காப்பு அலுவலகத்தின் ஆட்கள் தெருத்தெருவாகப் பார்வையிட வருகிறார்கள் என்ற செய்தி காலையிலேயே எங்கள் ஊரான கார்தெனாஸ் முழுக்கப் பரவிவிட்டது. பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார்கள். சிலர் கரும்புத் தோட்டங்களுக்குள் போய் ஒளிந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் ஃபோர்டை மாமியார் வீட்டுப் பன்றிக் கொட்டிலில் விட்டு, மேலே வாழையிலை போட்டு மூடிவிட்டு வந்தார். எதற்காகப் பார்வையிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் காத்திருக்கவும் இல்லை. எங்கள் தெருவில் நிவால்தோ மட்டும் போகவில்லை. அவனுடைய எஞ்சின் அப்போது தரையில் கிடந்தது.

நிவால்தோ பல்செட் செய்கிறவன். பல் மருத்துவமனையின் பின்கட்டில் உட்கார்ந்து ஊராருக்குப் பல் வரிசை வார்த்துக் கொடுப்பான். கார் அவன் மாமனார் விட்டுப்போனது. ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டி, பாசிப்பச்சை நிறம். தெருவில் நிறுத்தினால் உப்புக்காற்று தின்றுவிடும் என்று முன்னறைச் சுவரை இடித்து, இரட்டைக் கதவு வைத்து, சோபாவைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, காரை வீட்டுக்குள் ஏற்றினான். விருந்தாளிகள் வந்தால் அவன் மனைவி எனெய்தா காரின் பின்சீட்டில் உட்காரவைத்துத்தான் காப்பி கொடுப்பாள். நானே பலமுறை அப்படிக் குடித்திருக்கிறேன்.

அந்தக் காரில் ஒரு வேலை முடிந்தது என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒன்று முடிகிற நேரத்தில் இன்னொன்று பழுதாகும். எஞ்சின் ஒரு பழைய ரஷ்ய ஜீப்பிலிருந்து வந்தது. பிரேக் ஒரு லாடா காரிலிருந்து. அடிச்சட்டம் துருவேறி முறிந்தபோது, மூடிப்போன சர்க்கரை ஆலையின் கரும்பு வண்டிகளிலிருந்து இரும்பு கொண்டுவந்து பக்கத்து வீட்டு ஓஸ்மானி புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தான். சீட்டெல்லாம் இடித்த சினிமாக் கொட்டகையின் நாற்காலிகள். பின்விளக்குக் கண்ணாடி உடைந்ததும் நிவால்தோ பல்செட் ஈறு வார்க்கிற பிசினைக் காய்ச்சி ஊற்றி ஒன்று செய்தான். அது எரியும்போது யாரோ வாய் திறந்தது போல இருக்கும். பிரேக் எண்ணெய் கிடைக்காத நாட்களில் ஷாம்பூ கலந்து ஊற்றுவான். அவன் பிரேக் போட்டால் தெரு முழுக்க ஆப்பிள் வாசனை அடிக்கும்.

இது பொழுதுபோக்கு இல்லை. எனெய்தாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று மாகாணத் தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். பஸ் உண்டு, வருவதுதான் இல்லை. ஆகவே அந்த வீட்டில் சோறு வடிப்பது எப்படியோ அப்படித்தான் கார் பழுதுபார்ப்பதும். ஞாயிறும் திங்களும் காருக்கடியிலிருந்து நிவால்தோவுக்கும் ஓஸ்மானிக்குமாக இரண்டு ஜோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எனெய்தா அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பாள்.

அலுவலகத்தின் இயக்குநர் தோழர் அபெலார்தோ உள்ளே வந்தபோதும் அந்தக் கால்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. அவர் உயரமானவர், நல்ல குரல். இதற்கு முன் பன்றி வளர்ப்பு வாரியத்தில் இருந்தார். அதற்கும் முன்னால் ஒரு நாட்டியப் பள்ளிக்குத் தலைவர். கார் ஓட்டத் தெரியாது. பிளைமவுத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கூட வந்தவர்களும் கழற்றினார்கள். வீட்டில் யாரோ இறந்துவிட்டார்களோ என்று நினைத்து நிவால்தோவும் அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து நின்றான்.

"தோழர், உங்க வீட்ல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது" என்றார் இயக்குநர். "இதை நீங்க காருன்னு நினைச்சுட்டு இருக்கீங்க."

ஆமாம் என்று நிவால்தோ ஒத்துக்கொண்டான்.

இது மக்களின் நினைவு என்றார் அவர். அலுவலகம் தொடங்கி இத்தனை காலமாகியும் ஒரு நினைவுச்சின்னம்கூடக் கைவசம் இல்லை, மேலிடத்தில் கேட்கிறார்கள், ஊரில் இத்தனை பழைய கார்கள் ஓடுவதாகச் சொல்கிறார்கள், நாங்கள் போகிற நாளில் மட்டும் ஒன்றும் காணோம் என்று உருக்கமாகச் சொன்னார். நின்ற இடத்திலேயே பிளைமவுத் மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கைதட்டினார்கள். நிவால்தோவும் தட்டினான். பிறகு, அரசாங்கமே காரை ஏற்றுக்கொண்டதால் இனி உதிரிபாகத்துக்குக் கவலையில்லை என்று தோன்றியிருக்கவேண்டும். எஞ்சினுக்கு ஒரு செட் பிஸ்டன் ரிங் கிடைக்குமா என்று மெல்லக் கேட்டான்.

"ரிங் குடுக்குற அலுவலகம் வேற தோழர். நாங்க மதிப்பு குடுக்குறவங்க."

"அந்த அலுவலகம் எங்க இருக்குங்க?"

"எங்க கட்டடத்துலதான் இருந்துச்சு. எங்களுக்கு இடம் பத்தலைன்னு மூடிட்டாங்க."

சின்னம் முழுமையாக இருக்கவேண்டும், எஞ்சினை உடனே உள்ளே வையுங்கள் என்று உத்தரவிட்டுப் போனார்கள். அதைவிட நல்ல உத்தரவு ஒன்று இருக்கமுடியாது என்று ஓஸ்மானி சொன்னான். இருவரும் பழைய ரிங்குகளையே தேய்த்துப் போட்டு எஞ்சினை ஏற்றினார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் வண்டி உயிர்பெற்றது. தெருவே வந்து பார்த்தது. எனெய்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையைக்கூட எடுத்துப் பின்சீட்டில் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க் காலையில் இரட்டைக் கதவைத் திறந்தால் வெளியே உலிசெஸ் நின்றான். அலுவலகம் அனுப்பிய காவலாள். துறைமுகத்துக் கப்பல் கயிறு ஒரு சுருளும், ஒரு மடக்கு நாற்காலியும் கொண்டுவந்திருந்தான். இதற்கு முன்னால் அவன் காவல் காத்தது ஒரு குளிர்பதனக் கிடங்கு. அங்கே மின்சாரமும் இல்லை, பொருளும் இல்லை. ஆனாலும் எதுவும் திருட்டுப் போகவில்லை என்பதால் நல்ல பெயர் வாங்கியிருந்தான். சின்னத்தை நகர்த்தக்கூடாது என்பதுதான் தனக்குச் சொல்லப்பட்டது என்றும், மற்றபடி அவர்கள் வழக்கம்போல எல்லாம் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னான். காரைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினான். முன்னறை அவ்வளவு பெரியதில்லை. அதனால் கயிற்றின் ஒரு முனை சமையலறைக் கதவிலும் இன்னொரு முனை படுக்கையறைக் கதவிலும் வந்து நின்றது.

அன்றைக்கு எனெய்தா குதிரை வண்டி பிடித்து ஊரெல்லை வரை போய், நெடுஞ்சாலையில் கைகாட்டி நின்று, சிமெண்ட் லாரி ஒன்றில் ஏறி ஆஸ்பத்திரி சேர்ந்தாள். நேரம் தவறிவிட்டது. முழு நேரமும் கிடைக்காமல் பாதியில் எழுந்து வரவேண்டியதாயிற்று. திரும்பும்போது லாரி கிடைக்கவில்லை. சிகிச்சை முடிந்த உடம்போடு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமையும் அதே கதை. சனிக்கிழமை அவள் கால் செருப்புக்குள் நுழையவில்லை. நிவால்தோவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

வீட்டில் சின்னத்துக்கான விதிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பார்வை நேரம் ஒன்பதிலிருந்து நாலு வரை. அந்த நேரத்தில் பூண்டு வதக்கக்கூடாது. ஆவி வண்ணப்பூச்சைப் பாதிக்கும். வீட்டுக்காரர்கள் முன்னறையைக் கடக்கும்போது பார்வையாளர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் குனிந்து போகவேண்டும். பார்வையாளர் என்று வந்தது ஓய்வுபெற்ற தபால்காரர்கள் சங்கம் மட்டும்தான். அவர்கள் மரியாதையாகக் காரைப் பார்த்துவிட்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். எஞ்சினை ஓட்டாமல் வைத்தால் இறுகிவிடுமே என்று நிவால்தோ ஒருநாள் சும்மா ஒருமுறை கிளப்பிப் பார்த்தான். உலிசெஸ் மிகுந்த சங்கடத்தோடு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தான் இதை மேலே சொல்லியாகவேண்டும் என்றான். சொன்னான். அதிர்வினால் சின்னத்துக்குச் சேதம் வரும் என்று பதில் வந்தது. ஒரு திருகாணியை முறுக்குவதானாலும் இனி முன் அனுமதி வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

எனெய்தா அலட்டிக்கொள்கிறவள் இல்லை. உலிசெஸுக்கும் தினமும் காப்பி கொடுத்தாள். ஒரு நாள் கயிற்றைத் தூக்கிப் பிடித்தபடி நடுவில் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

"நிவால்தோ, இந்தக் கயித்தை என்னால இனிமே குனிஞ்சு தாண்ட முடியாது. ஒண்ணு அது போகணும், இல்ல நான் போயிடுவேன். எதுன்னு அவங்ககிட்ட போய்க் கேட்டுட்டு வா."

அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். இயக்குநர் எங்களை உட்காரவைத்து, அன்பாக நலம் விசாரித்தார். நிவால்தோ எல்லாவற்றையும் சொன்னான். வாரத்தில் மூன்று நாள் மட்டும், போய் வர மட்டும், திரும்பி வந்ததும் கயிற்றைத் தானே கட்டிவிடுவதாகச் சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அது அவர் உருகிப்போகும் சமயங்களில் செய்கிற பழக்கம் என்று செயலாளர் பெண் எங்களுக்கு விளக்கினாள்.

"தோழர், கார் நகர்றதுக்கு நான் எதிரியே இல்ல. நான் ஒரு மனுஷன். எனக்கும் மனைவி இருக்கா. ஆனா என் நாற்காலிக்கு மனைவி கிடையாதே. கார் தாராளமா நகரட்டும். நினைவுச்சின்னம்தான் நகரக் கூடாது. நீங்க ரெண்டையும் ஒண்ணாக்கிப் பாக்குறீங்க. அதுல தப்பு எங்க மேல இல்ல."

நிவால்தோ இதை யோசித்துப் பார்த்தான். பிறகு, கார் எது சின்னம் எது என்று யார் சொல்வது என்று கேட்டான். உண்மையில் அவனுக்குத் தெரியத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கேள்வி இயக்குநரை உலுக்கிவிட்டது. இந்தக் கேள்வியைத் தன் அலுவலகத்தில் இதுவரை யாருமே கேட்டதில்லை என்றார். எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். அசல்தன்மைக் குழு ஒன்றை அமைத்து வரும் வெள்ளிக்கிழமையே பரிசோதித்துவிடலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. வெள்ளை மேலங்கியும் டார்ச் லைட்டும் வைத்திருந்தார்கள். கார் நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிந்தால் ஓட்ட அனுமதிப்பார்கள் என்று நிவால்தோ நம்பியிருந்தான். ஆகவே கேட்ட ஒவ்வொன்றுக்கும் பெருமையாகப் பதில் சொன்னான். எஞ்சினா, ஜீப்புடையது, லேசில் சாகாது. பிரேக் லாடா. ஸ்டியரிங் ஒரு டிராக்டரிலிருந்து. சக்கரங்கள் போலந்து. பின்விளக்கு என் கையால் வார்த்தது, ஈறுக்கு நாங்கள் போடுகிற அதே பிசின். அடிச்சட்டம் ஆலை இரும்பு, பழையதைவிட இரண்டு மடங்கு கனம். சமையலறையில் எனெய்தா ஒவ்வொரு பதிலுக்கும் கரண்டியை ஒருமுறை கீழே வைத்து மறுபடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் சினிமாக் கொட்டகை நாற்காலியின் முதுகில் இருந்த எண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தோழர், இதுல பிளைமவுத் எங்க இருக்கு?"

நிவால்தோ கூரையைக் காட்டினான். பிறகு கதவுகளை, முன்மூக்கை, மட்கார்டுகளைக் காட்டினான். அவ்வளவுதான்.

மக்களின் நினைவுக்குள் இத்தனை அந்நியப் பொருட்கள் ஊடுருவியிருப்பதைத் தான் எதிர்பார்க்கவில்லை என்று இயக்குநர் குழுவைப் பார்த்துச் சொன்னார். அசல் அல்லாத எல்லாவற்றையும் அகற்றி, சின்னத்தை அதன் தூய நிலைக்குக் கொண்டுவர உத்தரவானது.

"அப்புறம் அது ஓடாதுங்களே" என்றான் நிவால்தோ.

"சின்னம் எதுக்கு ஓடணும்?"

"எடுத்ததையெல்லாம் நான் என்ன பண்றதுங்க?"

"அது குப்பை தோழர். எங்கயாவது கொண்டுபோய்ப் போடுங்க. குப்பை எங்க அதிகாரத்துக்குள்ள வராது."

அவர்கள் போனபிறகு நிவால்தோ காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஓஸ்மானிதான் வந்து கதவில் சாய்ந்து அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"டேய் பல்லுக்காரா, அந்த ஆளு என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவை சொல்லு."

நிவால்தோ சொன்னான்.

"எஞ்சின் குப்பை. சக்கரம் குப்பை. அடிச்சட்டம் குப்பை. குப்பையை நம்ம இஷ்டத்துக்கு எங்க வேணா கொண்டுபோலாம். அப்படித்தானே? எழுந்திரிடா. அவரு தகரத்தை எடுத்துக்கிட்டு நமக்குக் காரைக் குடுத்துட்டுப் போயிருக்காரு."

உத்தரவை இவ்வளவு விரைவாகவும் முழுமனதோடும் யாரும் நிறைவேற்றி அலுவலகம் பார்த்ததில்லை. காரின் தகரக் கூட்டைச் செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினார்கள். அடியிலிருந்து எஞ்சின், கியர், சக்கரம், சட்டம் எல்லாம் ஒரே உடம்பாக வெளியே வந்தது. தள்ளுவதற்கு உலிசெஸும் கைகொடுத்தான். குப்பையைப் பற்றித் தனக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்றான். ஓஸ்மானியின் கொல்லையில் வைத்து சட்டத்தின்மேல் பலகை அடித்து, முன்னால் இரண்டும் பின்னால் மூன்றுமாகக் கொட்டகை நாற்காலிகளைப் பொருத்தினார்கள். பெட்ரோலுக்கு ஒரு பிளாஸ்டிக் கேன். கதவு, கண்ணாடி, கூரை எதுவும் கிடையாது.

திறப்பு விழாவும் வண்டியின் முதல் ஓட்டமும் ஒரே செவ்வாய்க்கிழமையில் அமைந்துவிட்டன. முன்னறையில் செங்கல்மேல் நின்ற கூட்டுக்குச் சக்கரம் இல்லாதது கண்ணை உறுத்தியதால், அட்டையை வட்டமாக வெட்டிக் கறுப்படித்துச் சாய்த்துவைத்திருந்தார்கள். இயக்குநர் பேசினார். எந்த அந்நிய உதிரிபாகத்தையும் நம்பாமல், ஒரு சொட்டுப் பெட்ரோலும் குடிக்காமல், ஒருபோதும் பழுதாகாத ஒரே வாகனம் இந்த நாட்டிலேயே இதுதான் என்றார். இந்த அலுவலகத்தைப் போலவே இதுவும் இருந்த இடத்திலிருந்து அசையாமல் மக்களுக்குத் தொண்டாற்றும் என்றார். அந்த வரிக்கு அவரே முதலில் கைதட்டினார். கைதட்டல் சத்தத்தில் பக்கத்துக் கொல்லையிலிருந்து வண்டி கிளம்பிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். நான் பின்வரிசையில் இருந்தேன். இது என்ன என்று கேட்டார். மரபு வாகனக் காப்பு அலுவலகத்தின் உத்தரவுப்படி குப்பை கொண்டுபோவதாக நிவால்தோ உண்மையைச் சொன்னான். போலீஸ்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என்ன குற்றம் எழுதுவது என்று தெரியவில்லை போலும். விளக்கில்லை என்று எழுதலாமென்றால் விளக்கு வைக்க வண்டியே இல்லை. எனெய்தாவின் கையில் சிகிச்சை ஊசி குத்திய இடத்துக் கட்டையும் வீங்கிய காலையும் பார்த்தார். பிறகு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்து, எங்களுக்காக வண்டிகளை நிறுத்திவைத்துக் கையை வீசினார். அன்றைக்கு அவள் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, முழுச் சிகிச்சையும் முடித்துக்கொண்டு வந்தாள். மறுவாரம் தன் செருப்பே காலுக்கு ஏறியது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு வியாழக்கிழமை, நாங்கள் போகும் வழியில் அலுவலகத்தின் புதுக் கார் சாலையோரத்தில் முன்மூடியைத் திறந்துகொண்டு நின்றது. டிரைவர் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். தோழர் அபெலார்தோ கோப்புகளை அணைத்தபடி பள்ளத்தோரம் கைகாட்டிக்கொண்டிருந்தார். பிளைமவுத்துக்காக அலுவலகத்துக்கு மாகாணத் தலைநகரில் பாராட்டுப் பட்டயம் கொடுக்கிறார்களாம், நேரமாகிவிட்டது. நிவால்தோ நிறுத்துவான் என்று நான் நினைக்கவில்லை. நிறுத்தினான். உடம்பு முடியாத மனைவி சாலையோரத்தில் உட்கார்ந்திருந்ததை மறக்காதவன் அவன். கையைக் காட்டுகிற யாரையும் இப்போதெல்லாம் தாண்டிப் போவதில்லை.

அவர் பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் மிகவும் மகிழ்ந்தார். மனைவி எப்படி இருக்கிறாள் என்று எனெய்தாவுக்குப் பின்னாலிருந்தே நிவால்தோவிடம் விசாரித்தார். சின்னத்தைப் பார்க்க அமைச்சகத்திலிருந்து வரக்கூடும், பூண்டு விஷயத்தில் கொஞ்சம் கவனம் என்றார். அவர் பேசிக்கொண்டே வந்தார். வண்டி நன்றாக ஓடியது.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மறைக்க எதுவுமில்லாமல் நேராக மேலே இறங்கியது. இயக்குநர் கோப்புகளைச் சட்டைக்குள் திணித்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கில் சொட்டியது. கொஞ்ச தூரம் பொறுத்துக்கொண்டிருந்தார். பிறகு குறையாக இல்லாமல் யோசனை சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"தோழர், இதுக்கு ஒரு கூரை போட்டிருக்கலாமே."

நிவால்தோ சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கூரை உங்ககிட்டதாங்க இருக்கு."

எனெய்தா மடியிலிருந்த குடையை விரித்தாள். கொஞ்ச நேரம் தனக்கும் நிவால்தோவுக்குமாகப் பிடித்திருந்தாள். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுவிட்டு, குடையைத் தோள்மேல் சாய்த்து, பாதியை அவர் தலைக்கு மேல் வருமாறு பிடித்துக்கொண்டாள். நிவால்தோ நனைந்துகொண்டே ஓட்டினான்.